வேலூர் வெயிலில் ஸ்போர்ட்டி காருக்கு எவ்வளவு காற்று? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு விடியற்காலையில் ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். என்னுடையது டர்போ பெட்ரோல் ஹாட்ச்பேக். எஞ்சின் முன்பக்கம், இழுப்பதும் முன்சக்கரம். டயர் 195/55 ஆர்16. கீழே வரும் காற்றழுத்த எண்கள் எல்லாம் பிஎஸ்ஐ என்ற அலகில். உங்கள் காரில் 'பார்' என்று போட்டிருந்தால் 14.5ஆல் பெருக்குங்கள், 2.3 பார் என்றால் 33 பிஎஸ்ஐயும் கொஞ்சமும். கிலோபாஸ்கலில் இருந்தால் 230 என்று இருக்கும். அதுவும் அதே 2.3 பார்தான்.

எந்த எண்ணிலிருந்து தொடங்குவது?

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். அதில் உள்ள எண்தான் தொடக்கம். அந்தக் காரின் எடை, அதன் சஸ்பென்ஷன், அது போகக்கூடிய வேகம், பிரேக் பிடிக்கும் தூரம் எல்லாவற்றையும் பார்த்து, காரைச் செய்தவர்கள் போட்ட எண் அது. டயரின் பக்கச்சுவரில் 44 அல்லது 51 என்று பொறித்திருப்பதைப் பார்த்து அதை நிரப்புபவர்கள் இருக்கிறார்கள். அது டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கு எவ்வளவு வேண்டும் என்பது டயருக்குத் தெரியாது. அதே டயர் வேறு பத்து கார்களிலும் ஓடுகிறது.

ஸ்டிக்கரில் 33 என்றால் 33இல் ஒரு வாரம் ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். சாலையில் ஓட்டும் வரை ஸ்டிக்கர் எண்ணுக்குக் கீழே நான் போவதில்லை. மேலே நான்கு வரை போவேன். என் காருக்கு விடை அந்த ஐந்து எண்களுக்குள்தான் கிடைத்தது.

'குளிர்ந்த டயர்' என்கிறார்கள். வேலூரில் டயர் எப்போது குளிர்ந்திருக்கும்?

நல்ல கேள்வி. ஸ்டிக்கரில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது. கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், வெயில் படாமல் நின்றிருக்க வேண்டும். நம் ஊரில் அது விடியற்காலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில்தான் சரியாக அமையும்.

என் கார் நிற்கும் இடத்தில் இடப்பக்கம் கிழக்கைப் பார்த்தபடி இருக்கும். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் ஆறு மணிக்கு நான்கு டயரிலும் 33 வைத்தேன். காரை அசைக்கவே இல்லை. எட்டரை மணிக்கு மறுபடி அளந்தபோது வலப்பக்கம் இரண்டும் 33.5, வெயில் பட்ட இடப்பக்கம் இரண்டும் 35. எட்டரைக்கு முதன்முதலாக அளந்திருந்தால், 'இடப்பக்கம் கூடுதலாக இருக்கிறது' என்று காற்றை இறக்கியிருப்பேன். அன்று இரவு முழுவதும் கார் இடப்பக்கம் குறைந்த காற்றோடு நின்றிருக்கும்.

வெப்பம் 10 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். இந்த ஒரு கணக்கு மனத்தில் இருந்தால் மீதி எல்லாம் தானாக வரும்.

கத்திரி வெயிலில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்கிறார்களே?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

'வெயில் நேரம் தம்பி, இரண்டு மூன்று குறைத்துவிடட்டுமா? இல்லாவிட்டால் வெடித்துவிடும்' என்று காற்றடிக்கும் கடையில் அன்போடுதான் கேட்பார்கள். வட ஆர்க்காட்டுப் பக்கம் மே மாதம் முழுக்க இந்தப் பேச்சைக் கேட்கலாம். சூட்டில் காற்று விரிகிறது என்பது உண்மை. ஆனால் அந்த விரிவைத் தாங்கும்படியாகத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள். காலை 28 டிகிரியில் 33 வைத்த டயர், பிற்பகல் 42 டிகிரியில் நின்றபடியே 35 காட்டும். நெடுஞ்சாலையில் அரை மணி ஓடினால் 39 வரை போகும். இது முழுக்க இயல்பு.

அந்த 39ஐப் பார்த்துப் பயந்து 33க்கு இறக்கினால் என்ன ஆகும்? மறுநாள் காலை டயர் குளிர்ந்ததும் அளந்து பாருங்கள், 28ஐக்கூடத் தொடாது. அந்த டயரோடு மறுபடி நெடுஞ்சாலைக்குப் போவீர்கள்.

வெடிப்பது எப்படி என்று தெரிந்துகொண்டால் இந்தப் பயம் சரியான திசைக்குத் திரும்பும். என் டயர் அளவுக்குக் கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரம் நொடிக்கு 14 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. காற்று குறைந்தால் அந்த மடிப்பு ஆழமாகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சுடுவதைப் போல, பக்கச்சுவர் உள்ளுக்குள் சுடுகிறது. ரப்பரும் நூலும் ஒட்டியிருப்பது அந்தச் சூட்டில் விட்டுப் போகிறது. கோடையில் நெடுஞ்சாலை ஓரத்தில் கிடக்கும் கிழிந்த டயர் பட்டைகளில் பலவற்றின் கதை இதுதான். காற்றைக் குறைப்பது, தடுக்க நினைத்த விபத்தை நாமே அழைத்து வருவது.

எனக்கே நடந்திருக்கிறது. ஒரு மே மாதம், ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு நான்கு டயரிலும் 26 வைத்துக்கொண்டு, காரில் நான்கு பேரோடு பெங்களூரு சாலையில் கிளம்பினேன். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டிச் சிறிது நேரத்தில் பின்பக்கம் லேசாக மிதப்பதுபோல் இருந்தது. சாலையின் வளைவு என்று நினைத்தேன். ஆம்பூருக்கு முன்னால் ரப்பர் தீயும் நெடி வந்த பிறகுதான் நிறுத்தினேன். பின் இடது டயரில் கை வைக்க முடியவில்லை. நல்லவேளையாக வெடிக்கவில்லை. ஆம்பூரில் பஞ்சர் கடைப் பெரியவர் டயரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். அடியில் கறுப்பாகத் தூள், அழிரப்பரால் அழித்த பிறகு தாளில் கிடக்குமே அதைப்போல, ஒரு கைப்பிடி. பக்கச்சுவரின் உள்பக்கம் சுற்றிலும் வளையமாக ஒரு சுருக்கம். 'வெளியே பார்த்தால் புது டயர். உள்ளே செத்துப்போய்விட்டது தம்பி, இதை மறுபடி போடாதே' என்றார். பட்டன், அதாவது தரையில் படும் வரிவரியான ரப்பர், பாதிகூடத் தேயாத டயர் அது.

பெட்ரோல் பங்க் கேஜ் ஒன்று காட்டுகிறது, என் கேஜ் ஒன்று காட்டுகிறது. எதை நம்புவது?

உங்களுடையதை. சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி அதையே எப்போதும் பயன்படுத்துங்கள். அது அரை பிஎஸ்ஐ தவறாகக் காட்டினாலும் தினமும் ஒரே மாதிரி தவறும். நமக்கு வேண்டியது அந்த ஒரே மாதிரித்தன்மை. பொது இடத்தில் இருக்கும் கேஜ் நாளெல்லாம் கீழே விழுந்து அடிபடுகிறது.

வீட்டில் காற்றடிக்கும் சிறிய கம்ப்ரெஸர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. காலையில் வீட்டிலேயே குளிர்ந்த டயரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முன் இடது 30 இருக்கிறது, வேண்டியது 33 என்றால் குறை மூன்று. பங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகி, அங்குள்ள கருவி 34 என்று காட்டலாம், 36 என்றும் காட்டலாம். அது எதைக் காட்டினாலும் அதற்கு மேல் மூன்று ஏற்றச் சொல்லுங்கள். 'எல்லாவற்றிலும் முப்பத்தைந்து போடட்டுமா சார்?' என்பதற்குத் தலையாட்டிவிட்டு வருவதைவிட இது பல மடங்கு சரியாக அமையும்.

முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு? வளைவில் கார் எப்படிப் போகும் என்பதை இது மாற்றுமா?

மாற்றும். இரண்டு பிஎஸ்ஐ வேறுபாட்டைக்கூட ஸ்டீயரிங்கில் உணரலாம்.

எஞ்சினும் இழுக்கும் வேலையும் முன்பக்கம் இருக்கும் கார்களில் எடையும் அங்கேதான் அதிகம். வளைவில் வேகமாக நுழைந்தால் முன்பக்கம் வளைவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். அப்போது முன் டயரின் வெளி ஓரம் உருண்டு, பட்டன் தரையை விட்டுப் பக்கச்சுவரின் தொடக்கமே தரையில் உரசும். முன்பக்கம் இரண்டு பிஎஸ்ஐ ஏற்றினால் பக்கச்சுவர் விறைத்து, ஸ்டீயரிங் திருப்பியவுடன் கார் திரும்பும். என் காரில் தனியாகவோ இருவராகவோ போகும்போது முன் 35, பின் 33. இந்த எண்ணுக்கு வந்து சேர எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

ஏற்றிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் நன்மை நின்றுவிடும். டயர் நடுவில் பிதுங்கித் தரையில் படும் பரப்பு குறையும். நான்கு என்ற என் எல்லையை மீறி ஒருமுறை 38 வைத்துப் பார்த்தபோது என் காரில் அது தெரிந்தது. காட்பாடி மேம்பாலத்தின் இணைப்புகளில் முன்பக்கம் துள்ளியது, மேடு பள்ளத்தில் பிரேக் பிடித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் சட்டென்று வேலை செய்யத் தொடங்கியது. டயர் சாலையோடு ஒட்டி இருக்கவில்லை என்பதற்கு அவை அடையாளங்கள்.

பின்பக்கத்தை மட்டும் அதிகமாக ஏற்றினால் பின்பக்கப் பிடிப்பு குறைந்து கார் சுறுசுறுப்பாகத் திரும்புவதுபோல் தோன்றும். பந்தயத் தடத்தில் அனுபவமுள்ளவர்கள் வேண்டுமென்றே செய்வது அது. நடுவில் ஆடு குறுக்கே வரக்கூடிய சாலையில், அதுவும் மழையில், பின்பக்கம் வீசினால் திருத்த இடம் இருக்காது. செய்யாதீர்கள். பின்சக்கர இயக்கமுள்ள கார்களில் ஸ்டிக்கரே பின்பக்கத்துக்குக் கூடுதலாகச் சொல்லியிருந்தால், அந்த முன்பின் வேறுபாட்டை அப்படியே காப்பாற்றி, இரண்டையும் சேர்த்தே ஏற்றுங்கள்.

ஏலகிரி ஏறும்போது காற்றை மாற்ற வேண்டுமா?

தேவையில்லை. ஆனால் டயரைப் பற்றிக் கற்றுக்கொள்ள நமக்கு அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. பொன்னேரியில் திரும்பினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பாரி, கபிலர் என்று வள்ளல்கள், புலவர்கள் பெயர்.

உயரம் போனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அடிவாரத்திலிருந்து அத்தனாவூர் வரை ஏறத்தாழ 600, 700 மீட்டர் ஏற்றம். அதற்கு ஒரு பிஎஸ்ஐ கூடும். மேலே நான்கைந்து டிகிரி குளிர்ச்சி இருப்பதால் அதில் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆகவே மலையில் காற்றைத் தொடாதீர்கள். அங்கே டயரைப் பாருங்கள்.

அதற்கு ஒரு சுண்ணாம்புக் கட்டி போதும். அடிவாரத்தில் முன் டயரின் வெளி ஓரத்தில், பட்டன் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், மேலிருந்து கீழாக இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். சுற்றிலும் மூன்று இடத்தில் போடலாம். வழக்கம்போல் ஓட்டி மேலே போய் நிறுத்திப் பாருங்கள். பல டயர்களில் ஓரத்தில் ஒரு சிறு முக்கோணக் குறி இருக்கும். கோடு அந்த முக்கோணத்தின் முனை வரை அழிந்திருந்தால் காற்று சரி. முக்கோணத்தைத் தாண்டி பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் காற்று போதாது. முக்கோணத்துக்கு வெகு மேலேயே, பட்டனிலேயே கோடு மிச்சமிருந்தால் காற்று அதிகம், அல்லது நீங்கள் நிதானமாக ஓட்டுகிறீர்கள். 33இல் என் காரில் கோடு முக்கோணத்தைத் தாண்டி ஒரு விரற்கடை அழிந்தது. 35இல் முனையிலேயே நின்றது. மேலே சொன்ன 35 அப்படி வந்ததுதான்.

வளைவில் எதிரே பஸ் வருகிறதா என்று பார்க்க முடியாத சாலை அது. டயரைச் சோதிக்கிறேன் என்று வேகத்தைச் சோதிக்காதீர்கள். நீங்கள் தினமும் ஓட்டும் வேகத்துக்கு எந்தக் காற்று பொருந்துகிறது என்பதைத்தான் கோடு சொல்ல வேண்டும்.

17 அங்குல அலாய் வீலுக்கு மாறிவிட்டேன். பழைய எண்ணே போதுமா?

பெரும்பாலும் போதாது. இங்கேதான் பலர் தெரியாமல் தவறுகிறார்கள்.

என் காரையே எடுத்துக்கொள்வோம். 195/55 ஆர்16 டயரின் சுமை எண் 87, அதாவது ஒரு டயர் 545 கிலோ தாங்கும். 17 அங்குலத்துக்கு மாறினால் உயரம் பொருந்துவது 205/45 ஆர்17. அதில் 'எக்ஸ்எல்' என்று பொறித்த, கூடுதல் சுமைக்கான டயர் கிடைக்கும். சுமை எண் 88, 560 கிலோ. எண் கூடுதலாக இருக்கிறதே, கவலை இல்லை என்று தோன்றும். ஆனால் சாதாரண டயர் அந்த 545 கிலோவை 36 பிஎஸ்ஐயில் தாங்குகிறது. எக்ஸ்எல் டயர் தன் 560 கிலோவைத் தாங்குவது 42 பிஎஸ்ஐயில். இரண்டிலும் 33 வைத்தால் எக்ஸ்எல் டயர் குறைவாகத்தான் தாங்கும். பழைய டயர் 33இல் தாங்கியதைப் புதியது தாங்க ஏறத்தாழ 37 வேண்டும்.

கூடவே, 45 தொடர் டயரின், அதாவது அளவில் இரண்டாவது எண் 45 என்று இருக்கும் டயரின், பக்கச்சுவர் குட்டை. குறைந்த காற்றோடு ஒரு பள்ளத்தில் இறங்கினால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் பக்கச்சுவர் நசுங்கி, உள்நூல் அறுந்து, மறுநாள் அங்கே ஒரு வீக்கம் தெரியும். அந்த வீக்கத்துக்கு வைத்தியம் கிடையாது. டயரை மாற்றத்தான் வேண்டும்.

மழையில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடுமா?

கூடாது, தேங்கிய நீரில் குறையும். டயர் நீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொட வேண்டும். அதற்கு உள்ளிருந்து அழுத்தம் வேண்டும். விமானச் சக்கரங்களைச் சோதித்து 1960களில் நாசா கண்ட வாய்ப்பாடு ஒன்று உண்டு. அதன்படி 33 பிஎஸ்ஐ டயர் ஏறத்தாழ 95 கிலோமீட்டர் வேகத்தில் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். 25 என்றால் 83இலேயே மிதக்கும். நல்ல பட்டன் இருந்தால் இன்னும் தாங்கும், மொட்டை டயர் என்றால் அதற்கு முன்பே கைவிடும். மழையில் காற்றைத் தொடாமல் வேகத்தைக் குறையுங்கள். சட்டப்படி பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வேகமாக ஓட்டும் கார் என்றால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, 3 மில்லிமீட்டரில் மாற்றிவிடுவேன்.

நைட்ரஜன் போடலாமா?

போடலாம், தீங்கு இல்லை. ஆனால் நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரப்பதம் இல்லாதது, கசிவது கொஞ்சம் மெதுவாக நடப்பது ஆகியவை அதன் நன்மைகள். வெயிலில் அதுவும் விரியும். 'நைட்ரஜன் போட்டிருக்கிறேன்' என்று மூன்று மாதம் அளக்காமல் விடுவதுதான் ஆபத்து. அந்தப் பணத்தில் ஒரு நல்ல கேஜ் வாங்குங்கள்.

டயர் அழுத்தம் காட்டும் வசதி காரிலேயே இருக்கிறது. பிறகும் அளக்க வேண்டுமா?

எண் காட்டும் வகை என்றால் அது பெரிய உதவி; காலையில் கிளம்பும்போது ஒரு பார்வை போதும். வெறும் விளக்கு மட்டும் எரியும் வகையில், பெரும்பாலும் ஏபிஎஸ் உணரிகளைக் கொண்டு சக்கரம் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. நான்கு டயரிலும் ஒரே மாதிரி காற்று குறைந்தால் அது எளிதில் ஏமாந்துவிடும். காற்றை மாற்றிய ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகப் பதிவு செய்ய மறக்காதீர்கள்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போகிறேன். அங்கே?

அங்கே கணக்கு தலைகீழ். தொடக்க எண்ணைவிடச் சூடான எண் முக்கியம். ஸ்டிக்கர் எண்ணோடு தடத்தில் இறங்கி, மூன்று நான்கு சுற்று ஓட்டி, உள்ளே வந்தவுடன் அளந்து பாருங்கள். 42, 43 காட்டும். அப்போது நான்கையும் 37 பக்கம் கொண்டுவருவேன். சாலை டயர் போட்ட முன்சக்கர இயக்கக் காருக்கு எனக்கு ஒத்துவந்த அளவு இது. வலப்பக்க வளைவுகள் அதிகமான தடத்தில் இடப்பக்க டயர்கள் கூடுதலாகச் சூடாகும். ஆகவே நான்கையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி ஏற்றிவிடுங்கள். மாலையில் களைத்துப்போய், இறக்கிய காற்றோடு வேலூர் வரை நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டுவது, அன்று தடத்தில் செய்த எதையும்விட ஆபத்தானது.

குடும்பத்தோடு, மூட்டை முடிச்சோடு திருப்பதி போகும்போது?

ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கு இரண்டாவது வரிசை இருக்கும். அதில் பின்பக்கம் நன்றாகவே கூடியிருக்கும். அதை அப்படியே பின்பற்றுங்கள். திரும்பி வந்ததும் மறுநாள் காலை பழைய எண்ணுக்கு இறக்கிவிடலாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை அளப்பது?

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நல்ல டயரிலேயே மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ வரை கசியும். மே மாத விடியலில் வைத்த 33, எதுவும் கசியாமலே மார்கழி விடியலில் 31.5 ஆகிவிடும். கசிவும் சேர்ந்தால் இருபதுகளில் நிற்கும். என் காரின் டேஷ்போர்டு பெட்டியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. தேதி, நேரம், நான்கு எண்கள். ஒரு டயர் மட்டும் மற்ற மூன்றைவிட வேகமாகக் குறைகிறது என்பதை அதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். எச்சில் தொட்டு வைத்ததும் வால்வில் குமிழி வந்தது. நம் வெயிலில் ரப்பர் வால்வு விரைவில் வெடிப்பு விடும். டயர் மாற்றும்போது வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். வால்வு மூடி தொலைந்திருந்தால் அன்றே வாங்கிப் போடுங்கள்.

ஸ்டெப்னிக்கு?

முழு அளவு ஸ்டெப்னி என்றால், ஸ்டிக்கரில் உள்ள முழுச் சுமை எண்ணை வைத்துவிடுங்கள். வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம், நடு வழியில் ஏற்ற முடியாது. ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் அதற்கு 60 பிஎஸ்ஐ வேண்டும்; அதன் பக்கச்சுவரிலேயே எழுதியிருக்கும், 80 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பதும் சேர்த்து. அதை அளக்க டிக்கியில் உள்ள சாமான்களை எல்லாம் இறக்க வேண்டியிருக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் காரைக் கழுவும்போது எப்படியும் டிக்கி காலியாகத்தான் இருக்கும், அப்போது அளந்துவிடுங்கள்.